இட்லித் தட்டில் ரோமானியப் படை

விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி, இட்லித் தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேசையில் பரப்பினார். நான்கு தட்டு, தட்டுக்கு நான்கு குழி, நடுவில் ஒரு தண்டு. "இது என்ன இயந்திரம்?" என்றார். "இயந்திரம் இல்லை, காலை உணவு" என்றேன். நம்பிக்கை வராமல் பக்கத்து மேசையிலிருந்த அம்மாளைக் கூப்பிட்டார். அவர் ஒரு தட்டைத் தூக்கிப் பார்த்து, "முட்டை வேகவைக்க என்னிடமும் இப்படி ஒன்று உண்டு. ஆனால் எனக்கு இவ்வளவு பெரிய குடும்பம் இல்லை" என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்திலிருந்த மூன்று கிலோ பருப்புப் பொடியை யாரும் மோந்துகூடப் பார்க்கவில்லை.

டெக்சஸில் சுகர் லேண்டில் மகன் வீட்டில், நானும் மனைவி சரோஜாவும் மூன்று மாதமாகப் பேரனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதிலிருந்து எனக்கு மட்டும் ஒரு வாரம் விடுப்பு. விடுப்பு கொடுத்தது சரோஜா. நியூ ஜெர்சியில் வெஸ்ட் வின்ட்சரில் இருக்கும் மகள் கீர்த்தனாவுக்குப் பொடியும் பாத்திரமும் கொண்டுபோய்க் கொடுப்பது வெளியே சொன்ன காரணம். அவளை மறுபடி வேலைக்குப் போகச் சொல்லிவிட்டு வருவது உள்காரணம்.

கீர்த்தனா ஃப்ரீமான்ட்டில் நான்கு வருஷம் நல்ல சாஃப்ட்வேர் வேலையில் இருந்தாள். ஒரு நாள் அதை விட்டுவிட்டுத் தொல்லியல் படிக்கப் போய்விட்டாள். ஸ்பெயினின் வடக்கே ஒரு மொட்டை மலை. அதன் உச்சியைச் சுற்றி ஒரு மண்மேடு, ஓர் அகழி. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ரோமானியப் படை அங்கே முகாம் போட்டிருக்கலாம். அந்த 'இருக்கலாமு'க்காகத்தான் என் மகள் நான்கு கோடைக்காலம் வெயிலில் மண் தோண்டினாள். அதே வேலையை எங்கள் காங்கேயம் தோட்டத்தில் செய்திருந்தால் ஒரு கிணறாவது வெட்டியிருக்கலாம்.

வருகிற வெள்ளிக்கிழமை அவள் துறையார் முன்னால் பேச வேண்டும். சான்று நின்றால் அந்த மலை அவளுடைய ஆய்வேட்டில் இருக்கும், இல்லாவிட்டால் வேறு மலை பார் என்று பேராசிரியை சொல்லியிருந்தார். "இன்னொரு மலைக்கு எனக்குத் தெம்பு இல்லம்மா. வெள்ளிக்கிழம இது நிக்கலீன்னா நானே பழைய வேலைக்கு அப்ளை பண்ணிக்கறேன்" என்று போனில் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். சரோஜாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

"நீங்க ஒண்ணும் வாதாட வேண்டாமுங்க. பக்கத்துல உக்காந்து, வேலைக்குப் போறதுல இருக்கற நல்லத மட்டும் எடுத்துச் சொல்லுங்க" என்று என்னை வழியனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை நியூ ஜெர்சியில் விமானம் இறங்கி ரயிலில் ஏறினேன். எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் முன்வாசல் பின்வாசல் இரண்டும் திறக்கும். அந்த நினைப்பில், கீர்த்தனா இறங்கச் சொன்ன பிரின்ஸ்டன் ஜங்ஷன் வந்ததும் கைக்குக் கிட்டியிருந்த கதவுக்கு நேராக இட்லிப் பாத்திரத்தோடு நின்றுகொண்டேன். மற்றவர்கள் எல்லோரும் எதிர்ப்பக்கம் இறங்கிப் போனார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது ரயில் கிளம்பிவிட்டது.

சைக்கிளோடு நின்றிருந்த ஒரு பெண்மணி, "கவலைப்படாதீர்கள், அடுத்த நிலையத்தில் என்னோடு இறங்கி எதிர்ப்பக்க ரயிலைப் பிடியுங்கள்" என்றார். பிறகு சம்பந்தமே இல்லாமல், "உங்கள் ஸ்வெட்டர் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது" என்றார். நான் அது திருப்பூரில் எடுத்தது என்பதையும், கடைக்கு எப்படிப் போவது என்பதையும், விருப்பமானால் அவர் அளவுக்கு ஒன்று அனுப்பிவைக்க முடியும் என்பதையும் விளக்கினேன். அந்த அம்மாள் சைக்கிளை இரண்டடி பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அதுக்கு தேங்க் யூன்னு மட்டும் சொன்னாப் போதுங்ப்பா" என்றாள், ஸ்டேஷனில் முக்கால் மணி நேரம் காத்திருந்த கீர்த்தனா.

திங்கட்கிழமை காலையில் அவள் இட்லித் தட்டுகளைப் பார்த்துத் துள்ளினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த நிமிஷம் ஒரு டப்பாவைத் திறந்து, சாம்பல் நிறத்தில் எதையோ எடுத்து ஒவ்வொரு குழியிலும் போட ஆரம்பித்தாள்.

"என்ன கண்ணு இது?"

"ஆணிங்ப்பா. ஒரிஜினல் அங்க மியூசியத்துல இருக்குது. இது த்ரீ-டி பிரின்டர்ல எடுத்த பிளாஸ்டிக் காப்பி. ரோமன் சோல்ஜர்ஸ் பூட்ஸ்ல அடியில இரும்பு ஆணி அடிச்சிருப்பாங்க. நடக்க நடக்கக் கழண்டு விழும். இது கெடைச்சா ஆர்மி நடந்த எடம்னு அர்த்தம். எங்களுக்கு முப்பத்தொண்ணு கெடைச்சிருக்குது. என்ற பேச்சே இதுமேலதான் நிக்குது."

குண்டு, ஒல்லி, நெட்டை, முறிந்தது என்று தினுசுவாரியாகப் பிரித்து அடுக்கினாள். நான் சரியாகப் பார்க்கவில்லை. கண்ணாடி பையில் இருந்தது, கவனம் மாவில் இருந்தது. அந்த ஊர்க் குளிரில் மாவு பொங்குவதாக இல்லை. பக்கத்து வீட்டுச் சென்னை ஆன்ட்டி சொன்னபடி மாவுப் பாத்திரத்தை ஓவன் அடுப்புக்குள் வைத்து, ஓவனைப் பற்றவைக்காமல் அதன் விளக்கை மட்டும் எரியவிட்டோம். குஞ்சு பொரிக்க வைத்த முட்டையைப் பார்ப்பதுபோல அரை மணிக்கொரு தரம் எட்டிப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு கடையில் பேகல் சாப்பிட்டோம். பார்க்க உளுந்துவடைபோல இருக்கிறது, ஓட்டைகூட இருக்கிறது. கடித்தால் பல்லோடு மல்லுக்கு நிற்கிறது. "உன்ற பழைய ஆபீஸ்ல கேன்டீன் எல்லாம் நல்லா இருக்குமாமே" என்று சரோஜாவின் வேலையை மெல்லத் தொடங்கினேன். கீர்த்தனா சிரித்தாள். "அம்மா டயலாக்கா?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு படுத்துவிட்டது.

பிறகு இந்தியன் மளிகைக் கடையில் அதே சென்னை ஆன்ட்டி எதிர்ப்பட்டார். "அங்கிள், மாவு பொங்கிச்சா? கேக்கணும்னே இருந்தேன், உங்க பொண்ணு எந்த கம்பெனி?" என்றார். சுகர் லேண்ட் ஏரிக்கரையில் கூட நடக்கும் அங்கிள்களுக்குச் சொல்லிப் பழகிய பதில் என்னிடம் தயாராக இருந்தது. "ரிசர்ச்" என்றேன். வழக்கமாக அடுத்த கேள்விக்கு முன்னால் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். இங்கே வெயில் இல்லை. "ஓ, மருந்துக் கம்பெனியா? இந்தப் பக்கம் நெறைய இருக்கே" என்றார். நான் தலையாட்டிவிட்டேன். கீர்த்தனா கொத்தமல்லிக் கட்டோடு என் பின்னாலேயே நின்றிருந்தாள்.

காரில் ஏறிய பிறகுதான் கேட்டாள். "எதுக்குங்ப்பா தலையாட்டுனீங்க?"

நான் சீட் பெல்ட்டைத் தேடினேன். ரொம்ப வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை காலை கீர்த்தனா சீக்கிரமே பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள். ஓவனைத் திறந்தேன். மாவு பொங்கி மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. மூன்று நாள் தவம். ஆனால் தட்டுகளில் ரோமானியர்கள் இருந்தார்கள். நொடிகூட யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரு சாப்பாட்டுத் தட்டில் சரசரவென்று கொட்டினேன், இட்லித் தட்டைக் கழுவினேன், எண்ணெய் தடவினேன், ஊற்றினேன். பூப்போல வந்தது. பொடி தொட்டு ஏழு இட்லி சாப்பிட்டேன். எட்டாவதைக் கையில் எடுத்தபோதுதான் அந்தச் சாப்பாட்டுத் தட்டு கண்ணில் பட்டது.

தினுசுவாரியாக அவள் பிரித்ததெல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள். அவள் வருவதற்குள் பழையபடி அடுக்கிவிட வேண்டும் என்று, முதல்முறையாகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓர் ஆணியை எடுத்துப் பார்த்தேன்.

பார்த்த உடனே தெரிந்தது. அது எனக்கு ரொம்ப வேண்டப்பட்ட ஆணி.

நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பது வருஷம், காங்கேயம் சுற்றுப்பக்கம். நொண்டிக்கொண்டு வந்த காளைகளில் பாதிக்கு மருந்தே தேவைப்பட்டதில்லை. லாடம் அடிக்கும்போது ஓர் ஆணி சதைக்குள் ஏறியிருக்கும். குறடால் பிடுங்கினால் காளை நடந்துவிடும். என் மேசை டிராயரில் பேனாவைவிட மாட்டு ஆணிதான் அதிகம் கிடந்தது. மாட்டுக் குளம்பு ஓரம் மெல்லியது. அதனால் லாட ஆணியின் தண்டு பட்டையாகத்தான் இருக்கும். மாடு நடக்க நடக்கத் தலை ஒரு பக்கமாகச் சரிந்து தேயும். துருவோடு சேர்த்து வார்த்த பிளாஸ்டிக்கிலும் அந்தச் சரிவு அப்படியே இருந்தது.

அவள் எப்படி அடுக்கியிருந்தாள் என்பது மறந்துவிட்டது. எனக்குத் தெரிந்தபடி அடுக்கினேன். அதிகம் தேய்ந்தது, குறைவாகத் தேய்ந்தது, நுனி மடங்கியது, பாதியில் முறிந்தது. இருபத்தெட்டு ஆணி குழிகளில் சமர்த்தாகப் போய் உட்கார்ந்தன. மூன்று மட்டும் எதிலும் சேரவில்லை. தலை குடைபோல வட்டம். தண்டு கட்டை, அதுவும் சதுரம். இதைக் குளம்பில் அடித்தால் குளம்பு பிளந்துவிடும். எந்த மாட்டுக் காலிலும் இது ஏறாது. அந்த மூன்றையும் தனியாக ஒரு கிண்ணத்தில் போட்டேன்.

அப்புறம்தான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது. இருபத்தெட்டும் மாட்டு ஆணி என்றால் அந்த மலையில் படை இல்லை, மாட்டுப் பட்டிதான். இதைச் சொன்னால் வெள்ளிக்கிழமை பேச்சு நிற்காது. பேச்சு நிற்காவிட்டால் அவளே வேலைக்கு அப்ளை பண்ணிக்கொள்வாள். சரோஜா அனுப்பிய காரியம் ஒரு வாதமும் இல்லாமல் முடிந்துவிடும். ஆனால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. முந்தின நாள் தலையாட்டியபோது அவள் முகம் இருந்த விதம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. பேசாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். நான் பேசாமல் இருந்து, வெள்ளிக்கிழமை வேறு எவனாவது கூட்டத்தில் எழுந்து சொன்னால்?

மத்தியானம் வந்தாள். தட்டைப் பார்த்தாள். "அப்பா, இது என்ன ஆர்டர்?"

கொட்டியதை முதலில் சொன்னேன். "அது பரவால்லீங்ப்பா, ஒவ்வொண்ணுக்கும் அடியில பொடி எழுத்துல நம்பர் இருக்குது" என்றாள். காலையிலிருந்து நான் பட்ட பாட்டுக்கு இதுதான் மரியாதை. பிறகு மற்றதையும் சொன்னேன்.

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வோர் ஆணியையும் எடுத்து, ஏன் ஏன் என்று கேட்டாள். நானும் சொன்னேன். கடைசியில், "டீம்ல ஏழு பேருங்ப்பா. குதிரை லாடம் எல்லாருக்கும் தெரியும். மாட்டுக்கு லாடம் அடிப்பாங்கன்னு ஒருத்தரும் யோசிக்கலை" என்றாள்.

"நீ காங்கேயத்துக்காரிதான கண்ணு? உனக்குமா தெரியலை?"

"நான் ஸ்கூல் பஸ்ல போனனுங்ப்பா. மாட்டுக் காலத் தூக்கிப் பார்த்ததே இல்ல." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "மூணு ஆணிய வெச்சு ஒரு ஆர்மிய எப்படிங்ப்பா நிறுத்தறது?"

அவள் அழுதிருந்தால்கூட ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் அழவில்லை. ஒரு வாரம் தங்க வந்த ஆள், வருஷக் கணக்கில் கட்டியதைக் கவிழ்த்துவிட்டேனே என்று எனக்குத்தான் பொறுக்கவில்லை. "நான் சொன்னது தப்பாவும் இருக்கலாம் சாமி" என்றேன்.

"இல்லீங்ப்பா. நீங்க சொல்றது கரெக்ட்" என்றாள்.

வியாழக்கிழமை காலை, மீந்த மாவில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். "அப்பா! அப்பா, இங்க வாங்க!" என்று கீர்த்தனா கத்தினாள். அடுப்பை அணைக்காமல் ஓடினேன். திரையில் மலையின் வரைபடம் இருந்தது. ஆணி கிடைத்த இடமெல்லாம் புள்ளி. முப்பத்தொன்றும் சேர்ந்திருந்தபோது மலை முழுக்க எள்ளை இறைத்தது மாதிரிதான் இருந்ததாம். இப்போது மாட்டு ஆணிகளுக்கு மட்டும் பழுப்பு நிறம் கொடுத்திருந்தாள். அந்தப் பழுப்புப் புள்ளிகள் மலையின் குறுக்கே வரிசையாக, லேசாக வளைந்து போயின.

"வண்டித் தடம்" என்றேன்.

"ஆமாங்ப்பா. பின்னால எப்பவோ, மண்மேட்ட ஒடைச்சுட்டு வண்டி போயிருக்குது. இப்ப மாட்டையெல்லாம் அக்கட்டால ஓட்டி உட்டுட்டுப் பாருங்க." ஒரு பொத்தானைத் தட்டினாள். பழுப்பு மறைந்தது. மூன்று சிவப்புப் புள்ளி மட்டும் மிஞ்சியது. மூன்றும் ஒரே இடத்தில், மண்மேட்டில் இருந்த ஒரு சிறு இடைவெளியின் வாயில், ஒரு கட்டில் அளவுக்குள். அந்த இடைவெளிக்கு நேராக வெளியே ஒரு துண்டு அகழி தனியாகக் குறுக்கே கிடந்தது. ரோமானியர்கள் முகாம் வாசலை அப்படித்தான் மறைப்பார்கள் என்று சொன்னாள்.

"வாசல்ங்ப்பா. வாசல்ல ஒருத்தன் காவலுக்கு நின்னுருக்கறான். நின்னு நின்னு கால் மாத்தியிருக்கறான்."

இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் குளிரில் நின்று கால் கடுத்த ஒருவன் என் எதிரே நின்றதுபோல இருந்தது. முக்கால் மணி நேரம் ஸ்டேஷனில் எனக்காக நின்றவளும் பக்கத்திலேயே இருந்தாள். அதற்குள் தோசை கருகி, புகையெச்சரிக்கை மணி அடித்து, சென்னை ஆன்ட்டி கதவைத் தட்டிவிட்டார். "என்ன அங்கிள், ஃபயரா?" என்று பதறினார்.

"இல்லீங்க, தோசைதான். என்ற பொண்ணு தொல்லியல் படிக்குதுங்க. மருந்துக் கம்பெனி இல்லீங்க" என்றேன். தீயைப் பற்றிக் கேட்க வந்தவருக்கு அந்தப் பதில் புரிந்ததா தெரியவில்லை. உள்ளே இருந்தவளுக்குப் புரிந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து, கருகிய தோசையையே பிய்த்துச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இருபது பேர் இருந்தார்கள். சாண்ட்விச் தின்றுகொண்டே கேட்டார்கள். நம் ஊரில் பேச்சு முடியாமல் வடை வராது. கீர்த்தனா முதல் வரியிலேயே, "நான் முப்பத்தொரு பூட்ஸ் ஆணியைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். அதில் இருபத்தெட்டு மாட்டுடையது" என்றாள். சாண்ட்விச் மெல்லுவது நின்றது. பேராசிரியை பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

முடிந்ததும் தாடி வைத்த ஒருவர் கேட்டார். "மாட்டு ஆணி என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்? ஆதாரம் என்ன?"

"ஆதாரம் மூன்றாவது வரிசையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது" என்றாள் கீர்த்தனா.

எழுந்தேன். இருந்த கொஞ்ச ஆங்கிலமும் அந்த நேரம் பார்த்து ஓடிவிட்டது. வேறு வழியில்லாமல் என் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்து, அதைக் குளம்பாகப் பாவித்து, ஆணி எந்தச் சாய்வில் ஏறும், எங்கே வெளியே வரும், சதுர ஆணி ஏறினால் என்ன ஆகும் என்று நடித்துக் காட்டினேன். மாட்டைக் கயிறு போட்டுக் கீழே சாய்த்து லாடம் அடிப்பதையும் காட்டினேன். கடைசி வரிசையில் ஒரு ஸ்பானியப் பெண்மணி எழுந்தார். "கீழே சாய்ப்பீர்களா? பாவம்! என் மாமா ஊரில் மரச்சட்டத்துக்குள் நிற்கவைத்து, வயிற்றில் வார் கட்டித் தூக்கித்தான் அடிப்பார்கள்" என்றார். சாய்ப்பதுதான் மாட்டுக்கு நல்லது என்று நான் விட்டுக்கொடுக்காமல் வாதாடினேன். பத்து நிமிஷம் போயிற்று. ரோமானியப் படை வெளியே காத்திருந்தது.

பிறகு பேராசிரியை பேசினார். "முப்பத்தொன்று என்று எழுதிக் கொடுத்தபோது எனக்கு ஏதோ உறுத்தியது. மூன்று என்கிறபோது நம்பிக்கை வருகிறது. 'இருக்கலாம்' என்ற சொல்லை இன்னும் எடுக்க முடியாது. அடுத்த கோடையில் அந்த வாசலைத் தோண்டுங்கள்" என்றார். கீர்த்தனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஒற்றைக் காலில் ஷூ போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆணிப் பட்டியலில் 'இனம் கண்டவர்' என்று ஓர் இடம் இருக்கிறது. இருபத்தெட்டு வரிசையிலும் என் பெயரை ஏற்றினாள். பெயருக்குக் கீழே பதவியையும் போடச் சொன்னேன். கால்நடை ஆய்வாளர், ஓய்வு. மூன்று ஆணிக்கு மட்டும் அவள் பெயர். பேராசிரியை என்னிடம் வந்து ஒன்று கேட்டார், இந்த முறை வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

அங்கிருந்தே சரோஜாவைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க, எடுத்துச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொல்லுச்சு?"

"வேலைக்கு ஆள் எடுத்தாச்சு."

"அய்யோ சாமி, நல்ல சேதி! எந்த ஊர்லீங்க?"

"ஸ்பெயின்ல. அடுத்த கோடைக்கு. சம்பளமெல்லாம் கெடையாது. சோறு போட்டு, படுக்கக் கூடாரம் குடுப்பாங்களாம்."

"இதென்னங்க கூத்து? புள்ளைக்கு இதுவும் ஒரு வேலையா?"

"புள்ளைக்கு இல்ல சரோஜா, எனக்கு. என்ற பாஸ்போர்ட் எப்ப முடியுதுன்னு எடுத்துப் பாரு."